பழைய விதைக்கு மெதுவாகத் தண்ணீர் காட்டுங்கள்

திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவுக்குப் போய் 2 கிலோ மாப்பிள்ளைச் சம்பா வாங்கி வந்தீர்கள். மறு வருடம் அதை 4 கிலோவாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது, பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டெடுத்த நெல் ஜெயராமன் காலத்தில் இருந்து அங்கே உள்ள வழக்கம். ஆனால் அந்த வருடம் நிலம் கைக்கு வரவில்லை. அடுத்த வருடம் ஆற்றில் தண்ணீர் தாமதம். பை பரண் மேலேயே கிடந்துவிட்டது. இப்போது இறக்கிப் பார்த்தால் நெல் பார்வைக்குப் பழுதில்லை. ஆனால் முளைக்குமா?

புதிதாக விவசாயத்துக்கு வருகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். நெல் மட்டுமில்லை, பாட்டி துணியில் முடிந்து வைத்துவிட்டுப் போன கத்தரி விதை, ஊரில் ஒரே ஒரு வீட்டில் மிச்சமிருந்த மொச்சை என்று ஏதாவது ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வருவார்கள். இவை கடையில் கிடைக்கிற விதைகள் இல்லை. கெட்டுப்போனால் மறுபடி வாங்க முடியாது. அதனால் எனக்குத் தெரிந்ததை ஒவ்வொரு படியாகச் சொல்கிறேன்.

முதலில் நான் செய்த தவறு. மூன்று வருடம் தகர டப்பாவில் இருந்த நாட்டு உளுந்து ஏழு கிலோ என்னிடம் இருந்தது. "பழைய விதையா? ராத்திரி முழுக்கத் தண்ணீரில் போட்டு வை, நன்றாக ஊறினால் முளைத்துவிடும்" என்று பக்கத்து வயல்காரர் சொன்னார். அப்படியே அண்டாவில் கொட்டினேன். விடிந்து பார்த்தால் தண்ணீர் கழுநீர் போலக் கலங்கி நுரை கட்டியிருந்தது. கையை விட்டால் கொழகொழவென்று ஒட்டியது. பாதிப் பயறு தோல் உரிந்து பருப்பாகப் பிளந்து கிடந்தது. விதைத்ததில் பத்துக்கு ஒன்றுகூடச் சரியாக வரவில்லை. டப்பாவின் அடியில் இரண்டு கைப்பிடி ஊறவைக்காத உளுந்து தங்கியிருந்தது. அதை மனசு கேட்காமல் ஈரச்சாக்கில் பரப்பி மூடிவைத்தேன். நாலாம் நாள் அதில் பாதிக்கு மேல் முளைத்திருந்தது. அந்த ஏழு கிலோவைக் கொன்றது வயசு இல்லை, நான் ஊற்றிய தண்ணீர்தான்.

ஏன் அப்படி ஆகிறது

விதைக்குள் உள்ள ஒவ்வொரு செல்லையும் ஒரு மெல்லிய சவ்வு மூடியிருக்கிறது. விதை சும்மா இருக்கும்போதும் உள்ளே கொழுப்பு மெல்ல மெல்லச் சிக்கடித்துக்கொண்டே வரும், அந்தச் சவ்வும் நைந்துகொண்டே வரும். எண்ணெய் வித்துகளான நிலக்கடலையும் சோயாவும் சீக்கிரம் கெடுவதற்கு இது ஒரு பெரிய காரணம். புது விதையில் சவ்வு உறுதியாக இருப்பதால் தண்ணீர் கொஞ்சம் வேகமாக வந்தாலும் பெரும்பாலும் தாங்கும். நைந்த சவ்வுக்குள் தண்ணீர் ஒரேயடியாகப் பாய்ந்தால் அது கிழிந்து, உள்ளே இருக்கும் சர்க்கரையும் உப்புகளும் வெளியே கசிந்துவிடும். நான் அண்டாவில் பார்த்த கலங்கலும் கொழகொழப்பும் அதுதான். வயலில் இதே கசிவு பூஞ்சைக்கு விருந்து. விதைத்த இடத்தைக் கிளறினால் அழுகி நாறிக் கிடக்குமே, அது இப்படி வந்த அழுகல்தான்.

மாறாக, ஈரம் மெதுவாக ஏறினால் விதைக்கு அவகாசம் கிடைக்கிறது. முளை வெளியே வருவதற்கு முன்பே சவ்வையும் மற்ற பழுதுகளையும் தன்னால் முடிந்தவரை அதுவே சரி செய்துகொள்கிறது. நாள்கணக்கில் காய்ச்சலில் கிடந்து எழுந்தவருக்கு முதல் வேளையே பிரியாணி போட மாட்டோம் அல்லவா? கஞ்சியில் தொடங்குவோம். பழைய விதையை விதைப்புக்குத் தயார்ப்படுத்தும் நேர்த்தி முழுக்க இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் ஆர்.என். பாசு நெல், சணல் போன்ற விதைகளை நனைத்து உலர்த்தும் முறையைப் பல வருடம் ஆராய்ந்தார். விதை மீளும் என்று காட்டிய வேலை அது.

ஆனால் செத்த விதையை எந்த நேர்த்தியும் எழுப்பாது. தளர்ந்த விதையைத்தான் தேற்ற முடியும். அதனால் முதல் வேலை, எவ்வளவு உயிர் மிச்சமிருக்கிறது என்று பார்ப்பது.

எண்ணிப் பாருங்கள்

பைக்குள் மேலே, நடுவில், அடியில் என்று மூன்று இடத்தில் கைவிட்டு எடுத்துக் கலந்து, அதில் இருந்து 100 விதையை எண்ணுங்கள். நல்லதாகப் பொறுக்கக் கூடாது, கைக்கு வந்தது வந்தபடி. பழைய பருத்தி வேட்டித் துண்டை நனைத்துப் பிழிந்து, பத்துப் பத்தாக வரிசை வைத்து, தளர்வாகப் பாய் போலச் சுருட்டி, ஒரு குவளையில் நிறுத்தி வையுங்கள். துணி காயாமல் தண்ணீர் தெளித்து வந்தால் போதும். சொட்டச் சொட்ட வைத்தால் இங்கேயும் அதே தவறுதான்.

உளுந்து, பச்சைப்பயறுக்கு 7 நாள், நிலக்கடலைக்கு 10 நாள், நெல், தக்காளி, கத்தரி, மிளகாய்க்கு 14 நாள், வெங்காயத்துக்கு 12 நாள் வரை காத்திருந்து எண்ணுங்கள். வேரும் தண்டும் இரண்டும் நேராக, முழுதாக வந்ததை மட்டும் கணக்கில் சேருங்கள். வேர் நுனி கறுத்தது, தண்டு மட்டும் வந்தது, முறுக்கிக்கொண்டது எல்லாம் முளைத்த மாதிரி தெரியும், ஆனால் மண்ணைத் தாண்டி வராது.

விதைச் சான்றில் நெல்லுக்கு 80 சதவீதம், உளுந்துக்கு 75, நிலக்கடலைக்கு 70, மிளகாய்க்கு 60 முளைப்பு இருக்க வேண்டும். உங்கள் எண்ணிக்கை அதை ஒட்டி இருந்தால் கவலை வேண்டாம், வழக்கமான நேர்த்தி போதும். அதற்கும் 50க்கும் நடுவில் என்றால் கீழே சொல்லும் முறைகள் உங்களுக்குத்தான். 50க்குக் கீழே போனால் நேரடியாக வயலில் இறங்காதீர்கள். குழித்தட்டிலோ சின்னப் பாத்தியிலோ போட்டு, வந்த செடிகளைத் தேற்றி, விதைக்காகவே ஒரு போகம் எடுங்கள். ஏக்கர் கணக்குக்கு அடுத்த போகத்தில் போகலாம்.

எத்தனை முளைத்தது என்பதோடு எத்தனையாவது நாள் முளைத்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பழைய விதையில் முளைப்புத்திறன் விழுவதற்கு முன்பே வீரியம், அதாவது வேகமாக முளைத்து மண்ணை முட்டி எழும் தெம்பு, விழுந்துவிடும். துணிக்குள் 70 வந்த விதை, மேல்மண் இறுகிய வயலில் 40கூட வராமல் போவது இதனால்தான்.

ஒன்றைக் கேட்க மறந்துவிட்டேன். விதை சிவப்பு, ஊதா என்று சாயம் பூசியதா? அப்படியென்றால் அது பூச்சிக்கொல்லியோ பூஞ்சணக்கொல்லியோ ஏற்றிய விதை. அதைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள், ஊறவைக்காதீர்கள், கழுவிய தண்ணீரைக் குளத்திலோ வாய்க்காலிலோ கொட்டாதீர்கள். மிச்சத்தைக் கோழிக்குப் போடவே கூடாது.

உப்புத் தண்ணீர் எதைப் பிரிக்கும், எதைப் பிரிக்காது

நெல்லில் பதர், அரைவயிறு நெல்லைப் பிரிக்க முட்டை முறை எல்லாருக்கும் தெரிந்ததுதான். வாளியில் 10 லிட்டர் தண்ணீர், அடியில் ஒரு புது முட்டை. கல்லுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டே வாருங்கள். முட்டை மேலே வந்து ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு முதுகு தெரிந்தால் பதம் சரி. கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோ உப்புப் பிடிக்கும். நெல்லைப் போட்டுக் கிளறி, மிதப்பதை அரித்து எடுத்துவிட்டு, மூழ்கியதை உடனே இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். பழைய விதையை உப்பில் இரண்டு நிமிடத்துக்கு மேல் விடாதீர்கள்.

இதில் பலர் ஏமாந்து போகிறார்கள். மூழ்கியதெல்லாம் உயிருள்ள விதை என்று நினைத்துவிடுகிறார்கள். உப்புத் தண்ணீர் கனத்தைத்தான் பார்க்கும், வயசைப் பார்க்காது. உள்ளே அரிசி நிறைந்து, ஆனால் செத்துப்போன நெல்லும் கல் மாதிரி அடியில்தான் போய் உட்காரும். அதனால்தான் துணியில் எண்ணுவதை விட்டுவிட முடியாது. பயறு, காய்கறி விதைகளுக்கு இந்த முறையே வேண்டாம். முறத்தில் புடைத்து, பூச்சி அரித்தது, சுருங்கியது, தோல் கீறியதைக் கையால் பொறுக்குங்கள்.

பயறுக்கு இட்லிப் பானை

தோல் மெல்லியதாக, உமி இல்லாமல் இருக்கும் உளுந்து, பச்சைப்பயறு, தட்டைப்பயறு, மொச்சை, அவரை இவற்றுக்குத்தான் தண்ணீர்ப் பாய்ச்சல் அதிகம் ஆபத்து. இவற்றுக்கு நான் இட்லிப் பானையை வைத்துச் செய்கிறேன்.

அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர். மேலே இட்லித் தட்டு, அதன் மேல் உலர்ந்த மெல்லிய துணி. துணியில் விதையை ஒற்றை அடுக்காகப் பரப்பி மூடி போட்டு, நிழலில் வையுங்கள். அடுப்பு பற்றவைக்கக் கூடாது. தண்ணீர் விதையைத் தொடவும் கூடாது. உள்ளே கட்டும் ஈரக் காற்றை மட்டும் விதை குடிக்கும். சாயங்காலம் வைத்து மறுநாள் சாயங்காலம் எடுங்கள். நம் ஊர் வெக்கையில் 24 மணி நேரத்துக்கு மேல் விட்டால் பூசணம் பூக்கும். எடுக்கும்போது உளுந்தை நகத்தால் அழுத்திப் பாருங்கள். காய்ந்த விதையில் நகம் வழுக்கும். ஈரக் காற்று குடித்த விதையில் மெலிதாகப் பதியும். தோல் சுருங்காமல், பளபளப்புக் குறைந்து, மங்கலாக இருக்கும்.

அடுத்த கட்டம், ஈரச்சாக்கு. நனைத்து நன்றாகப் பிழிந்த சாக்கில் விதையைப் பரப்பி, இன்னொரு ஈரச்சாக்கால் 3 மணி நேரம் மூடுங்கள். பிறகு நிழலில் மேல் ஈரம் மட்டும் போகும்படி ஆறவிடுங்கள். கையில் ஒட்டாமல் உதிர்ந்தால் போதும். அன்றைக்கே விதைத்துவிட வேண்டும். அதனால் வயலில் ஈரம் இருப்பதை உறுதி செய்துகொண்டுதான் பானையையே எடுக்க வேண்டும். சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு நெல்லுக்குள் உளுந்து தெளிக்கும் டெல்டாக்காரர்களுக்கு இது நன்றாகப் பொருந்தும், மண் அப்போது மெழுகுப் பதத்தில் இருக்கும்.

வீட்டில் இருக்கும் மொத்தத்தையும் முதல் தடவையே இதில் போடாதீர்கள். 50 விதைக்குச் செய்து, செய்யாத 50 விதையோடு பக்கத்தில் பக்கத்தில் துணியில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் மீதிக்குச் செய்யலாம். எந்தப் பயிரானாலும் இதே மாதிரி ஒரு சோதனை போட்டுவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

நெல்

நெல்லுக்கு உமி ஒரு கவசம். தண்ணீர் உள்ளே மெதுவாகத்தான் போகும், அதனால் நேராக ஊறவைக்கலாம். நேரடி விதைப்பு என்றால், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் பொட்டாஷ் உரம் கரைத்து, ஒரு கிலோ நெல்லுக்கு ஒரு லிட்டர் கரைசல் என்ற கணக்கில் 20 மணி நேரம் ஊறவையுங்கள். வடித்து, நிழலில் பரப்பி, பழைய எடைக்கு வரும்வரை உலர்த்துங்கள். இதற்கு ஒரு தராசு இருந்தால் சந்தேகமே வராது. ஊறவைக்கும் முன் 2 கிலோ என்றால் உலர்ந்த பிறகும் 2 கிலோ. கூடுதலாக இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. உச்சி வெயிலில் காயப்போட்டு அவசரப்படுத்த வேண்டாம். இப்படி நனைத்து உலர்த்திய விதை சீக்கிரம், ஒன்றுபோல முளைக்கும். ஆனால் அதன் ஆயுள் குறைந்துவிடும். ஒரு வாரத்துக்குள் விதைத்துவிடுங்கள், அடுத்த பட்டத்துக்கு எடுத்து வைக்காதீர்கள்.

நாற்றங்காலுக்கு என்றால், நல்ல தண்ணீரில் ஒரு பகல் ஒரு இரவு, நடுவில் ஒருமுறை தண்ணீர் மாற்றி ஊறவைத்து, வடித்து, ஈரச்சாக்கில் கட்டி வைக்கோல் போட்டு மூட்டம் வையுங்கள். புது நெல் ஒரே நாளில் முளைமூக்கு காட்டும். பழைய நெல்லுக்கு இரண்டு நாள்கூட ஆகலாம். அந்த இரண்டாம் நாளில்தான் நிறையப் பேர் கெடுத்துக்கொள்கிறார்கள், வரவில்லையே என்று இன்னும் இறுக்கி மூடிவிடுவார்கள். முளைக்கும் நெல் சூடு விடும். கட்டுக்குள் கையை விட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு இருந்தால் உடனே அவிழ்த்து, கிளறி, தண்ணீர் தெளித்து ஆற்ற வேண்டும். முளை வாசம் பச்சையாக, இளம்புல் மாதிரி இருக்கும். புளித்த வாடை வந்தால் உள்ளே அழுகல் தொடங்கிவிட்டது என்று பொருள். வெள்ளை மூக்கு தெரிந்ததும் விதைத்துவிடுங்கள். வேர் நீண்டு பின்னிக்கொண்டால் பிரிக்கும்போதே பாதி ஒடியும்.

காய்கறி, கடலை

கத்தரி, மிளகாய்க்கு ஈர மணல்தான் நல்லது. சலித்துக் கழுவிய ஆற்று மணலை நனைத்து, கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக் கூடாது. விதையை மெல்லிய துணியில் தளர்வாக முடிந்து, மணலுக்குள் மூன்று நாள் புதைத்து, பிறகு எடுத்துத் தட்டில் விதையுங்கள். மூன்றாம் நாளுக்குள் வெள்ளைப் புள்ளி எட்டிப் பார்த்தால் உடனே எடுத்துவிட வேண்டும்.

பாகல், புடலை, பீர்க்கு விதைகளில் சிக்கல் வேறு. தோல் தடித்தது. நகவெட்டியால் கூர்முனைக்கு எதிர்ப்பக்க ஓரத்தை லேசாகக் கிள்ளிவிட்டு, ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். உள்ளே இருக்கும் பருப்பில் வெட்டுப் படக் கூடாது. வெங்காய விதை ஒரு வருடத்துக்கு மேல் சாதாரணச் சேமிப்பில் தாங்குவது அரிது. இரண்டு வருட விதை என்றால் அதோடு மல்லுக்கட்டாமல் புதிது வாங்குங்கள்.

நிலக்கடலையை விதைக்கும் வாரம்தான் கையால் உடைக்க வேண்டும். பழைய கடலை என்றால் பிழிந்த ஈரச்சாக்கில் பரப்பி மூடி, 16 மணி நேரம் கழித்து வேர்முனை எட்டிப் பார்ப்பதை மட்டும் பொறுக்கி எடுத்து ஊன்றுங்கள். மீதியை இன்னும் சில மணி நேரம் வைத்துப் பார்த்து இரண்டாம் பொறுக்கு எடுக்கலாம். வேலை அதிகம்தான், ஆனால் வயலில் சந்து விழாது.

கடைசியாக உயிர் உரம்

தளர்ந்த விதையை மண்ணில் முதலில் தாக்குவது பூஞ்சை. கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சை, அல்லது 10 கிராம் சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியா கலந்தால் நல்ல காவல். பயறுக்கு ஏக்கர் விதைக்கு 200 கிராம் ரைசோபியம் (பயறின் வேரில் தழைச்சத்தைச் சேர்க்கும் பாக்டீரியா) பொட்டலம் ஒன்றை ஆறிய வடிகஞ்சியில் குழைத்துப் பூசி, அரை மணி நேரம் நிழலில் உலர்த்துங்கள். இவை உயிருள்ளவை. அதனால் நனைப்பது, உலர்த்துவது எல்லாம் முடிந்த பிறகு கடைசியாகத்தான் இது. கஞ்சி சூடாக இருந்தாலோ, வெயில் பட்டாலோ பூசி ஒன்றும் ஆகப்போவதில்லை.

பீஜாமிர்தம் போடலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். 20 லிட்டர் தண்ணீர், 5 கிலோ நாட்டு மாட்டுச் சாணம், 5 லிட்டர் கோமியம், 50 கிராம் சுண்ணாம்பு, ஒரு கைப்பிடி வரப்பு மண், ஒரு இரவு ஊறல். நானும் போடுகிறேன். ஆனால் பழைய பயறை அதில் முக்கி வைக்க மாட்டேன். தெளித்துப் பிசிறி உலர்த்துவதோடு சரி. கரைசல் எதுவானாலும் அதில் இருப்பதும் தண்ணீர்தானே.

விதைக்கும்போது

விதையளவைக் கூட்டுங்கள். ஏக்கருக்கு 8 கிலோ உளுந்து என்பது 75 சதவீத முளைப்பை வைத்துச் சொல்வது. உங்கள் எண்ணிக்கை 55 என்றால் 8ஐ 75ஆல் பெருக்கி 55ஆல் வகுங்கள், ஏறத்தாழ 11 கிலோ வரும்.

வழக்கத்தைவிட மேலாக ஊன்றுங்கள். தளர்ந்த முளைக்கு ஆழத்தில் இருந்து முட்டி வரும் தெம்பு இருக்காது. விதைத்த கையோடு வெள்ளமாகத் தண்ணீர் கட்டாதீர்கள். ஈர மண்ணில் விதைத்து, பூவாளியில் லேசாகத் தெளித்தால் போதும். மழை மூட்டம் இருந்தால் இரண்டு நாள் தள்ளிப் போடுவது நல்லது. மழையில் நனைந்து காய்ந்து மேல்மண் ஓடு கட்டினால் சீப்பு மண்வாரியால் மெல்லக் கீறிவிடுங்கள். பக்கத்து வயலில் முளை வந்து உங்கள் வயல் வெறிச்சென்று இருந்தால் பதறி உழுதுவிட வேண்டாம். பழைய விதை இரண்டு மூன்று நாள் பிந்தித்தான் வரும். ஓரிடத்தில் விரலால் கிளறிப் பாருங்கள். வெள்ளை வேர் தெரிந்தால் காத்திருங்கள்.

அறுப்பில் வயலின் நடுவில் நன்றாக விளைந்த கதிர்களில் இருந்து, காய்களில் இருந்து விதை எடுங்கள். காலை வெயிலிலும் மாலை வெயிலிலும் காயவைத்து, உச்சி வெயிலுக்கு மூடிவிடுங்கள். நெல்லைக் கடித்தால் நசுங்காமல் டக்கென்று உடைய வேண்டும். விதையின் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் ஏறத்தாழ இரண்டு மடங்காகும் என்பது விதைத் துறையில் பழைய கணக்கு. அதனால் காயவைப்பதில் ஒரு நாள் கூடப் போனாலும் பரவாயில்லை. காற்றுக்கு இடமில்லாமல் டப்பா வாய் வரை நிரப்பி இறுக மூடி, ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றுப் படாத இடத்தில் வையுங்கள். டப்பாவின் மேல் ரகத்தின் பெயர், அறுத்த மாதம், வருடம், அன்றைக்குத் துணியில் எண்ணிய முளைப்பு எல்லாவற்றையும் எழுதி ஒட்டுங்கள். வருடத்துக்கு ஒருமுறை, ஆடிக்கு முன்னால், மறுபடி 100 விதை எண்ணி அந்தச் சீட்டிலேயே அடுத்த வரியில் குறித்து வையுங்கள்.